ஸ்டேஷன் கேமரா பதிவைக் கோர்ட் மூலம் வாங்க வேண்டும். 38 நாள் ஆகிவிட்டது, வழி சொல்லுங்கள்

கேள்வி: தையல்கடை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கோர்ட் வாசலை இதற்கு முன் மிதித்ததில்லை. தம்பி விஷயமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

தம்பிக்கு 26 வயது. சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறான். போன மாதம் 9ஆம் தேதி இரவு வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டிச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். பேச்சு முற்றி, வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கூடப் போன லோடுமேன் பையன் ஓடி வந்து சொன்னபோது நான் பள்ளிக்கூட யூனிஃபார்முக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மணி 10.40. பதறிப்போய் 112க்கு ஃபோன் செய்தேன். ஸ்டேஷன் பெயர், தம்பி பெயர், வண்டி நம்பர் எல்லாம் சொன்னேன். அந்த அழைப்பு என் மொபைலில் இன்னும் இருக்கிறது: இரவு 10.52, மூன்று நிமிடம் 14 நொடி.

அப்புறம் நானும் அம்மாவும் நாலு இட்லியை டப்பாவில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். உள்ளே விடவில்லை. காலையில் வரச் சொன்னார்கள். எங்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ராத்திரி ஒன்றரை மணி வரை வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா டிபன் டப்பாவை மடியை விட்டு இறக்கவே இல்லை. தம்பியின் வண்டி எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. எங்கள் தலைக்கு மேலே கேமரா. இருட்டில் அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன. உள்ளே தம்பி கத்தியது இரண்டு தடவை என் காதில் விழுந்தது. அம்மாவுக்கும் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மறுநாள் மாலை மாஜிஸ்ட்ரேட் வீட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் படித்தேன். 10ஆம் தேதி காலை 7.30 மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பணியில் இருந்த போலீஸாரை ஆபாசமாகத் திட்டி, பிடித்துத் தள்ளி, கொலை மிரட்டல் விடுத்தானாம். 8.15க்கு அங்கேயே கைது செய்தார்களாம். பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் 296(பி), 132, 351(3). பத்து நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தவன் முதலில் சொன்னது, இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று. ஜி.எச். காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரிமாண்ட் அன்று மாஜிஸ்ட்ரேட், யாராவது அடித்தார்களா என்று கேட்டிருக்கிறார். கூட்டிக்கொண்டு வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றதால் இல்லை என்று சொல்லிவிட்டான்.

காலை 7.30க்கு அவன் பஸ் ஸ்டாண்டில் இல்லை. ஸ்டேஷனுக்குள் இருந்தான். இதைச் சொல்ல எங்களிடம் வாய்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேமரா எல்லாவற்றையும் பார்த்தது. அதில் நானும் அம்மாவும்கூட இருக்கிறோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 15ஆம் தேதியே மனு போட்டேன். நேற்று பதில் வந்தது. புலன் விசாரணை நிலுவையில் இருப்பதால் பிரிவு 8(1)(எச்)படி தர இயலாது என்று ஒற்றை வரி. ஜாமீன் எடுத்துக் கொடுத்த வக்கீல், வழக்கு விசாரணைக்கு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதுவரை அந்தப் பதிவு இருக்குமா?

எந்தக் கோர்ட்டில் கேட்பது? தம்பி பெயரிலா, என் பெயரிலா? 112க்கு நான் பேசிய ஒலிப்பதிவையும் வாங்க முடியுமா? கேஸ் நடப்பதால் ஊர், ஸ்டேஷன் பெயர் போடவில்லை.

பதில் 1: வைகைக்கரை வக்கீல்

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மதுரையில் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'பதிவைக் கொடு' என்பது ஒரு கோரிக்கை, 'அழியாமல் வை' என்பது வேறு கோரிக்கை. கொடு என்பதற்கு ஆட்சேபணை வரும், வாய்தா போகும், மாதக்கணக்கில் இழுக்கும். அழியாமல் வை என்பதற்கு ஆட்சேபிக்க யாருக்கும் பெரிய காரணம் இருக்காது. ஆகவே அதை முதலில் கேளுங்கள், அதுவும் இன்றைக்கே.

நாளைக் காலை ஸ்பீட் போஸ்ட்டில் ஒரே கடிதத்தை ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, மாவட்ட எஸ்.பி., கலெக்டர் மூவருக்கும் அனுப்புங்கள். கலெக்டர் எதற்கு என்று நினைக்காதீர்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பின்படி ஸ்டேஷன் கேமராக்களைக் கண்காணிக்க மாவட்டக் குழு ஒன்று உண்டு. அதில் கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறை, கட்டடத்தின் பின்பக்கம் என்று எங்கெங்கே கேமரா இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே பட்டியல் போடுகிறது. இரவிலும் தெரிய வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. இந்த வரிகளை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். மனித உரிமை மீறல் நடந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று ஸ்டேஷன் வாசலில் பெரிய போர்டு வைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அடுத்த முறை போகும்போது அந்தப் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

'9ஆம் தேதி பதிவு வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். 9ஆம் தேதி இரவு 10 மணி முதல் 10ஆம் தேதி இரவு 8 மணி வரை, எல்லாக் கேமராக்களும், ஒலியோடு, பதிவுக் கருவியின் லாக்கோடு (எது எப்போது நடந்தது என்று கருவி தானாகவே எழுதும் குறிப்பு) என்று குறிப்பாக எழுதுங்கள்.

அடுத்து கோர்ட். ரிமாண்ட் செய்த அதே மாஜிஸ்ட்ரேட் முன் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94இல், ஆவணத்தை வரவழைக்கக் கேட்கும் மனு. பழைய சி.ஆர்.பி.சி. 91தான் இது. தம்பிதான் வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் இந்த மனு அவர் பெயரில் போக வேண்டும். ஏ.பி.பி. (அரசுத் தரப்பு வக்கீல்) என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: தேபேந்திர நாத் பாதி வழக்கில் 2004இல் சுப்ரீம் கோர்ட், எதிரி தன் தரப்பைச் சொல்லும் கட்டம் வரும்வரை இந்தப் பிரிவை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அதற்கு உங்கள் பக்கப் பதில் 2017இன் நித்ய தர்மானந்தா தீர்ப்பு. விசாரணை அதிகாரி மறைத்துவிட்ட ஆவணம், சந்தேகத்துக்கு இடமில்லாத தரத்தில் இருந்து, நியாயத்துக்கு அவசியமாகவும் இருந்தால் கோர்ட் முன்கூட்டியே வரவழைக்கலாம் என்றார்கள். ஸ்டேஷனின் சொந்தக் கேமராவை விடவா சந்தேகத்துக்கு இடமில்லாத ஆவணம் வேண்டும்? அங்கேயும் 'நகல் இப்போதே தர வேண்டாம், அழியாமல் காக்க உத்தரவு போடுங்கள், இருப்பு பற்றி அறிக்கை கேளுங்கள்' என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

அங்கே காலதாமதம் ஆனால் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அரசியல் சட்டம் 226இன் கீழ் ரிட் மனு. இதை உங்கள் பெயரிலேயே போடலாம். ஃபோன் செய்தது நீங்கள், படியில் உட்கார்ந்திருந்தது நீங்கள். செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100க்கு அழையுங்கள், அல்லது மாவட்டக் கோர்ட் வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கே நேரில் போங்கள்.

112 ஒலிப்பதிவு ஸ்டேஷனில் இருக்காது, கன்ட்ரோல் ரூமில் இருக்கும். மனுவில் அந்த அதிகாரியைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஸ்டேஷனைக் கேட்டால் 'எங்களிடம் இல்லை' என்று உண்மையையே சொல்லித் தப்பிவிடுவார்கள்.

தகவல் உரிமை மறுப்புக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டு வையுங்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் டெல்லி ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பதில் 2: கேமரா ரிப்பேர்

அக்கா, நான் கேமரா மாட்டுகிற ஆள். கடை, பள்ளிக்கூடம், ரைஸ்மில், சில அரசு ஆபீஸ் வரைக்கும் மாட்டியிருக்கிறேன். வக்கீல் சார் சொன்ன 'இன்றைக்கே' என்பதற்கு என் பக்கத்துக் காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு கேமரா 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல் சாப்பிடும். 16 கேமரா என்றால் நாளைக்கு 345 ஜி.பி. 18 மாதம் வைக்க 180 டி.பி. தாண்டும். சாதாரணமாக டி.வி.ஆர். என்கிற பதிவுப் பெட்டிக்குள் போடுவது 2 அல்லது 4 டி.பி. நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது எழுதும். 8 கேமரா, பாதி வேகம், 4 டி.பி. டிஸ்க் என்று நல்லபடியாகவே கணக்குப் போட்டாலும் 46 நாள்தான் வரும். உங்களுக்கு 38 ஓடிவிட்டது.

மேலே எழுதப்பட்டுவிட்டால் எந்த லேபாலும் மீட்க முடியாது. ஆனால் டெலீட் செய்திருந்தாலோ ஃபார்மேட் செய்திருந்தாலோ மீட்க வாய்ப்பு உண்டு, அந்த டிஸ்க்கில் அதற்கப்புறம் பதியாமல் இருந்தால். அதனால் கோர்ட்டில் 'பாதுகாக்க வேண்டும்' என்று மட்டும் கேட்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, சீல் வைத்து, அதன் இடத்தில் புது டிஸ்க் போட வேண்டும் என்று கேளுங்கள். பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடுத்தவர் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை எடுத்தார் என்று அந்தக் காப்பி சொல்லாது.

சாத்தான்குளம் நினைவிருக்கும். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் பென்னிக்ஸையும் கொண்டுபோன ஸ்டேஷன். ஹைகோர்ட் அனுப்பிய மாஜிஸ்ட்ரேட் போய்ப் பார்த்தபோது 1 டி.பி. டிஸ்க், தேவையான இடம் இருக்கிறது. ஆனால் தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று அறிக்கை கொடுத்தார். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த செட்டிங்கை யாரோ என்னைப் போல ஒரு ஆள்தான், ரிமோட்டோ மவுஸோ கையில் பிடித்து, மெனுவுக்குள் போய் வைத்திருக்க வேண்டும். அது தானாக வராது.

'கேமரா பழுது' என்று பதில் வரக்கூடும். டி.வி.ஆருக்குள் லாக் என்று ஒன்று இருக்கிறது. கேமரா வயர் அறுந்தாலோ கரண்ட் போனாலோ 'வீடியோ லாஸ்' என்று மணியோடு பதிவாகும். ஆள் கை வைத்து நிறுத்தினால் அது வேறு மாதிரி பதிவாகும். பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் புகார் எப்போது போனது, அவர் எப்போது வந்து பார்த்தார் என்ற சர்வீஸ் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். பழுதான கேமராவுக்கு ஒரு சீட்டாவது இருக்கும்.

இன்னொன்று. கருவியின் மணி சரியாக இருக்காது. நான் பார்த்ததில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே ஓடுவது சகஜம். பதிவைத் திறக்கிறபோதே கருவியின் மணியையும் கோர்ட் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பொய் என்பார்கள்.

எதிரே டீக்கடை, நகைக்கடை இருக்கிறதா? அங்கேயும் கேட்டுப் பாருங்கள். அநேகமாகப் பதினைந்து நாளில் போயிருக்கும்.

பதில் 3: பழைய கண்டக்டர்

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. போலீஸைப் பகைத்துக்கொண்டு அந்த ஊரில் வண்டி ஓட்ட முடியாது. இன்றைக்கு ஒரு கேஸ் இருக்கிறது, நாளைக்கு நாலாகும். அபராதம் கட்டி முடித்துவிடு. பையனுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?

தையல்கடை அக்கா

அண்ணா, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், தெரிகிறது. அம்மாவும் இதையேதான் சொன்னாள். ஆனால் 132 பிரிவில் தண்டனை வந்தால் அவன் ஒரு டிரைவர் பேட்ஜுக்குக்கூட மனு போட முடியாமல் அலைவான். செய்யாததைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வக்கீல் சார், கேமரா தம்பி, ரொம்ப நன்றி. இன்று காலை மூன்று ஸ்பீட் போஸ்ட்டும் போட்டுவிட்டேன். ரசீதை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எதிர் டீக்கடையில் கேட்டேன், 12 நாள்தான் நிற்குமாம். கடைக்கார அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. அன்று ராத்திரி எங்களுக்கு அவர்தான் தண்ணீர் கொடுத்தார். வந்து சாட்சி சொல்கிறேன் என்றார்.

பதில் 4: ஓய்வு எஸ்.எஸ்.ஐ.

அம்மா, 33 வருடம் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு இறங்கியவன். ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதும் ரைட்டராகவும் இருந்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்து மனம் கஷ்டப்பட்டது.

கேமராவை மட்டும் கேட்காதீர்கள். பொது நாட்குறிப்பு, அதாவது நாங்கள் ஜி.டி. என்று சொல்வது, அதில் யார் எத்தனை மணிக்கு வெளியே போனார், யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்று எழுத வேண்டும். பாரா, அதாவது காவல் முறை, மாற்றும் புத்தகம் ஒன்று உண்டு. ராத்திரி பாராவில் நின்றவர் லாக்கப்பில் எத்தனை பேர் என்று எண்ணி ஒப்படைத்துத்தான் கையெழுத்துப் போடுவார். இந்த இரண்டின் 9, 10 தேதிப் பக்கங்களையும் அதே மனுவில் சேருங்கள். காகிதமும் கேமராவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டே கேள்வி கேட்பார்.

கைது குறிப்பாணையைப் பாருங்கள். குடும்பத்தாரோ அந்தப் பகுதி முக்கியஸ்தரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் போட்டிருக்கிறார்? பஸ் ஸ்டாண்டில் கைது என்றால் பஸ் ஸ்டாண்ட் ஆளாக இருக்க வேண்டுமே.

அப்புறம் வண்டி. பஸ் ஸ்டாண்டில் காலையில் சண்டை போட்டவரின் குட்டியானை முந்தைய ராத்திரியே ஸ்டேஷன் வேப்பமரத்தடிக்கு எப்படி வந்தது? வாசல் கேமராவில் ஆள் முகம் தெரியாமல் போனாலும் வண்டி தெரியும்.

தையல்கடை அக்கா (ஏழு வாரம் கழித்து)

வழி காட்டிய எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆணைக்குழுவில் ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தார்கள். சின்ன வயது, ஆனால் இங்கே நீங்கள் எழுதியதை அச்சடித்துக் கொண்டுபோனபோது ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுப் படித்தார். மூன்றாம் நாளே 94 மனு போட்டோம். முதலில் ரிட்டர்ன் ஆனது. 112 அதிகாரியின் பதவியைச் சரியாகக் குறிப்பிடவில்லை என்று. திருத்திப் போட்டதும் ஏற்றுக்கொண்டு நம்பர் ஆனது. ஏ.பி.பி. அப்படியே வக்கீல் சார் சொன்ன தேபேந்திர நாத் பாதி வழக்கைத்தான் எடுத்தார். எங்கள் வக்கீல், நகல் இன்று கேட்கவில்லை, அழியாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம் என்றார். மாஜிஸ்ட்ரேட் என் ஸ்பீட் போஸ்ட் ரசீதின் தேதியைப் பார்த்தார். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகும் அழிந்திருந்தால் பொறுப்பு அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி, டிஸ்க்கைக் கழற்றி சீல் வைத்து ஒப்படைக்கவும், என்னென்ன பதிவு இருக்கிறது என்று ஒரு வாரத்தில் அறிக்கை கொடுக்கவும் உத்தரவு போட்டார். அன்று 44ஆவது நாள்.

அறிக்கையில் வாசல் கேமரா பதிவு இருப்பதாக எழுதியிருந்தார்கள். லாக்கப், தாழ்வாரம், பின்பக்கம் மூன்றும் 5ஆம் தேதியிலிருந்தே பழுதாம். சர்வீஸ் ரிப்போர்ட் கேட்டோம். இன்னும் தரவில்லை.

வாசல் பதிவை மாஜிஸ்ட்ரேட் அறையில் போட்டுக் காட்டினார்கள். தம்பியும் வக்கீலும் மட்டும் உள்ளே போனார்கள். கருவியின் மணி 11 நிமிடம் முன்னால் ஓடியது, அதைத் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கினார் எங்கள் வக்கீல். கேமரா தம்பி, நீங்கள் சொல்லாவிட்டால் அது எங்களுக்குத் தோன்றியிருக்காது. கேமரா மணி 10.41க்குக் கைத்தாங்கல் இல்லாமல், தம்பி நன்றாக நடந்து உள்ளே போவது தெரிகிறதாம். வண்டி மரத்தடிக்கு வருவது தெரிகிறதாம். மறுநாள் 10 மணிக்கு மேல்தான் அவனை வெளியே கொண்டுவருகிறார்கள், காதைக் கையால் பொத்திக்கொண்டு வருகிறான். வாசல் கேமராவில் ஒலி இல்லை.

வெளியே வந்து ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை அவன். கோர்ட் வாசல் ஆலமரத்தடியில் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயும் அம்மாவும் அன்றைக்கு வந்தீர்களா அக்கா?" என்றான். உள்ளே இருந்தவனுக்கு நாங்கள் வந்ததே தெரியாது. யாருமே தேடி வரவில்லை என்று அந்த ராத்திரி முழுக்க நினைத்திருக்கிறான். பத்து நாள் சப்ஜெயிலிலும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மா தூங்கித் தூங்கி விழுவதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.

ஆனால் முடிந்துவிடவில்லை. ஏ.பி.பி. இப்போது, ராத்திரியே எச்சரித்துப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டோம், காலையில் பஸ் ஸ்டாண்டில் தகராறு செய்ததும் பிடித்து அதே பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தோம் என்கிறார். ஜி.டி.யில் அப்படி ஒரு வரியும் இல்லை. எஸ்.எஸ்.ஐ. ஐயா, உங்கள் வார்த்தையால்தான் அந்தப் பக்கங்களைக் கேட்டோம். பாரா புத்தகம் அடுத்த வாய்தாவுக்கு வருகிறது. கைது குறிப்பாணையில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஊரே இல்லை.

112 ஒலிப்பதிவு போன வாரம் சி.டி.யில் வந்துவிட்டது, மின்னணுப் பதிவுக்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு. பேசுவது நான்தான் என்று எனக்கே நம்ப முடியவில்லை. பின்னால் தையல் மெஷின் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, அணைக்கக்கூட மறந்திருக்கிறேன். மணி 10.52.

இப்போது எல்லாம் பின்பக்கக் கேமராவில் வந்து நிற்கிறது. டிஸ்க் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. டி.வி.ஆர். லாக்கை அச்சடித்து 19ஆம் தேதி கோர்ட்டில் தாக்கல் செய்ய உத்தரவு. கேமரா தம்பி, அந்தத் தாள் கைக்கு வந்ததும் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

வைகைக்கரை வக்கீல்

சகோதரி, 44ஆவது நாளில் டிஸ்க் சீலானது பெரிய விஷயம். பின்பக்கப் பதிவு வராமலே போனாலும் பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 119ஐ உங்கள் வக்கீல் எடுக்கட்டும். தன் கையில் இருக்கும் சாட்சியத்தைத் தராதவருக்கு எதிராகக் கோர்ட் அனுமானம் செய்யலாம். காது விஷயத்துக்குத் தனிப் புகாரும் மனித உரிமை ஆணையத்துக்கு மனுவும் இன்னும் போடவில்லை என்றால், டாக்டர் சீட்டோடு இந்த வாரமே போடுங்கள்.

கேமரா ரிப்பேர்

அக்கா, லாக் தாளில் 5ஆம் தேதியை முதலில் பாருங்கள். அன்று மூன்று கேமராவும் நிஜமாகப் பழுதாகியிருந்தால், அந்தச் சேனல் நம்பர்களுக்கு நேராக 'வீடியோ லாஸ்' என்று இருக்கும். மூன்றும் ஒரே நிமிடத்தில் போயிருந்தால் வயர் பழுது என்பது சந்தேகம்தான். 5ஆம் தேதியில் எதுவும் இல்லாமல் 9ஆம் தேதி இரவுக்குப் பிறகு 'செட்டிங் மாற்றம்', 'ரெக்கார்டிங் நிறுத்தம்', 'ஃபார்மேட்' இந்த மாதிரி வரிகள் இருந்தால் அதன் மேல் கோடு போடுங்கள். 11 நிமிடத்தைக் கழித்துப் பார்க்க மறக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யூசர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். சில நேரம் அச்செடுக்கும்போது அந்தக் கட்டம் தாளில் வராமல் வெட்டுப்படும். வெட்டுப்பட்டிருந்தால் அந்தத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டாம், அகலவாக்கில் திரும்ப அச்செடுத்துத் தரச் சொல்லி அங்கேயே மெமோ போடச் சொல்லுங்கள்.